கருந்துளை இணைவுத் தரவை வைத்து ஐன்ஸ்டீனைச் சோதிப்பது: எம்.எஸ்சி. புராஜெக்ட்டுக்கு எது கைக்கு எட்டும்?

நாகமலை_எம்எஸ்சி:

வணக்கம். மதுரைப் பக்கம் எம்.எஸ்சி. இயற்பியல், கடைசி செமஸ்டர். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் புராஜெக்ட். தலைப்பு "கருந்துளை ஈர்ப்பு அலைகள் வழியே ஈர்ப்புக் கோட்பாடுகளைச் சோதித்தல்". கையில் இருப்பது 8 ஜிபி ராம் உள்ள விண்டோஸ் லேப்டாப், பைதான், செல்போன் ஹாட்ஸ்பாட்.

அமெரிக்காவின் ஈர்ப்பு அலைக் கருவியான லைகோவின் திறந்த தரவுத் தளத்திலிருந்து 2015 செப்டம்பர் 14 நிகழ்வின் (ஜிடபிள்யூ150914) 32 நொடிக் கோப்புகளை இறக்கியிருக்கிறோம். ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் (லைகோவின் இரு கருவிகள்) இரண்டும் 4096 ஹெர்ட்ஸ் மாதிரி வீதம். நிற்கும் இடங்கள் இவை:

ஒன்று, வெல்ச் முறையில் அரை நொடித் துண்டுகளாக நிறமாலை எடுத்து வைட்டனிங் (எல்லா அதிர்வெண்ணிலும் நாய்ஸைச் சமமாக்குவது) செய்தால் அலை மங்கலாகத்தான் தெரிகிறது. கோப்பின் இரு ஓரத்திலும் பெரிய முட்கள். ராம் மிச்சம் பிடிக்க 32 பிட்டுக்கு மாற்றினால் எல்லாமே நேன் (எண்ணே இல்லை என்ற குறி).

இரண்டு, பூஜ்யக் கடப்புகளை (அலை பூஜ்யத்தைக் கடக்கும் நேரங்கள்) எடுத்து, கிடைத்த அதிர்வெண்ணை 2-ஆல் வகுத்துச் சுற்றுப்பாதை அதிர்வெண் ஆக்கி, சிர்ப் நிறை (அலையின் அதிர்வெண் ஏறும் வேகத்தை முடிவு செய்யும், இரு நிறைகளும் கலந்த எண்) சூத்திரத்தில் போட்டோம். 105 சூரிய நிறை வருகிறது. வெளியான மதிப்பு 28 முதல் 30.

மூன்று, பொதுச் சார்பியல் டெம்ப்ளேட் (கோட்பாடு கணிக்கும் அலைவடிவம்) நன்றாகவே பொருந்துகிறது. "ஆகவே ஐன்ஸ்டீன் சரி" என்று முடிக்கலாமா? இதில் சோதனை எங்கே என்று வைவாவில் கேட்டால் என்ன சொல்வது?

நான்கு, ரிங்டவுன் (இணைந்த கருந்துளை அதிர்ந்து அடங்கும் கட்டம்) அதிர்வெண் தொடக்க நேரத்தை மாற்ற மாற்ற 200-க்கும் 300-க்கும் நடுவே ஆடுகிறது.

எங்கள் அளவுக்கு நேர்மையாகச் செய்து முடிக்கக்கூடிய சோதனை எது? சீனியர்கள் வழி சொல்லுங்கள்.

---

யானைமலை:

தம்பி, நேன் விஷயத்தை முதலில் முடிச்சிருவோம். ஸ்ட்ரெய்ன் (கருவிக் கையின் நீளம் மாறும் விகிதம்) எண்கள் 10⁻¹⁹, 10⁻²¹ என்கிற அளவுல கிடக்குது. திறன் நிறமாலை எடுக்கும்போது அதை வர்க்கப்படுத்துறீங்க. 100 ஹெர்ட்ஸ் பக்கத்துல லைகோவின் நாய்ஸ் ஒரு ஹெர்ட்ஸுக்கு 10⁻⁴⁶-ஐ ஒட்டி வந்துரும். 32 பிட் எண் முழுத் துல்லியத்தோடு தாங்கும் மிகச் சின்ன எண் 1.2×10⁻³⁸. 10⁻⁴⁵-க்குக் கீழே போனா சுத்தமா பூஜ்யம். பூஜ்யத்தால வகுத்தா நேன் வராம வேற என்ன வரும்? 64 பிட்டிலேயே இருங்க. இல்லாட்டி தரவை வாசித்த உடனே 10²⁰ போல ஒரு எண்ணால பெருக்கிட்டு வேலையை ஆரம்பிங்க. ஈர்ப்பு அலை ஆய்வுக்கான பைசிபிசி மென்பொருளே உள்ளுக்குள்ள சுமார் 5.9×10²⁰-ஆல பெருக்கித்தான் 32 பிட்டில் ஓட்டுது. உங்க கோப்புல இருக்கிறது 1,31,072 மாதிரிகள். 64 பிட்டில் அது 1 எம்பிதான், ராம் மிச்சம் பிடிக்க அதுல ஒண்ணுமில்லை.

வேற நிகழ்வுக் கோப்புகளை எடுத்தா இன்னொரு இடத்திலிருந்தும் நேன் வரும். கருவி ஓடாத நொடிகள் தரவுலேயே நேன் ஆகத்தான் இருக்கும். கோப்போட வர்ற தரக்கொடிகளை முதல்ல வாசிங்க. கருவியைச் சோதிக்கச் செயற்கை அலை செலுத்திய நேரங்களும் அந்தக் கொடிகள்ல குறிச்சிருக்கும். அதைப் பார்க்காம ஓட்டினா செயற்கை அலையையே கண்டுபிடிச்சிட்டோம்னு நிப்பீங்க.

அடுத்தது அரை நொடித் துண்டு. அரை நொடி எடுத்தா அதிர்வெண் பிரிதிறன் 2 ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ் (நம்ம ஊர்ல 50), அதோட கோடும் அதன் மடங்குகளும் நிறமாலையில் ஊசி மாதிரி நிக்கும். கண்ணாடித் தொங்கலின் இழை அதிர்வுகள் 500 ஹெர்ட்ஸ் பக்கம் நிக்கும். இந்த ஊசிகளை 2 ஹெர்ட்ஸ் அகலத்துக்குப் பரப்பி விட்டா, வைட்டனிங் பக்கத்துல உள்ள நல்ல அதிர்வெண்ணையும் சேர்த்து அமுக்குது. அலை மங்கலா தெரியறதுக்கு அதுதான் காரணம். 4 நொடித் துண்டு, ஹான் விண்டோ, 50 சதவீத மேற்படிவு வைங்க. 32 நொடியில் 15 துண்டு கிடைக்கும். சராசரி எடுக்காதீங்க, இடைநிலை எடுங்க. நிகழ்வே ஒன்றிரண்டு துண்டுக்குள்ள உட்கார்ந்திருக்கு, சராசரி போட்டா அது நாய்ஸ் மதிப்பீட்டைக் கெடுக்கும். 15 துண்டும் குறைச்சல்தான். அதே நிகழ்வுக்கு 4096 நொடிக் கோப்பும் இருக்கு: 1.68 கோடி மாதிரி, 64 பிட்டில் 134 எம்பி. ஹாட்ஸ்பாட்டே தாங்கும், உங்க ராமும் தாங்கும். கடைசியில் ஒரு வேலைக்கு அது எப்படியும் தேவைப்படும்.

ஓரத்து முட்கள் ஃபில்டர் போட்ட எச்சம். 4 நொடி நிறமாலையில வைட்டனிங் செஞ்சா இரு பக்கமும் 2 நொடி கெட்டுப்போகும். தயங்காம 4 நொடி வெட்டி எறிங்க. நிகழ்வு கோப்பின் நடுவுல இருக்கு, நஷ்டம் இல்லை. ஃபூரியே மாற்றத்துக்கு முன்னாடி டூக்கி விண்டோ போடணும்.

பேண்ட்பாஸுக்கு நாலாம் வரிசை பட்டர்வொர்த் போதும். ஆனா சைபையில் எஸ்ஓஎஸ் (இரண்டாம் வரிசைத் துண்டுகளாப் பிரிச்ச) வடிவத்துல வாங்குங்க. தொகுதி, பகுதிக் குணகங்களா வாங்கினா, 35-ஐ 2048-ஆல வகுத்தா வர்ற 0.017 மாதிரி சின்ன விளிம்புல வரிசை ஏற ஏறப் பிழை பெருகி ஃபில்டரே வெடிச்சிரும். முன்னும் பின்னும் ஓட்டுற வகையைப் பயன்படுத்துங்க. ஒரு திசையில மட்டும் ஓட்டினா ஒவ்வொரு அதிர்வெண்ணும் ஒவ்வொரு அளவு தாமதமாகும். பூஜ்யக் கடப்பு எடுக்கிற உங்களுக்கு அது நேரடி விஷம்.

எல்லாம் சரியானு பார்க்க ஒரு வழி: அலை லிவிங்ஸ்டனுக்கு முதல்ல வந்து 6.9 மில்லிநொடி கழிச்சு ஹான்ஃபோர்டைத் தொட்டது. ஹான்ஃபோர்ட் வரிசையை 28 மாதிரி முன்னால நகர்த்தி, குறியைத் திருப்பி, லிவிங்ஸ்டன் மேல வையுங்க. கடைசி நாலைந்து சுற்று கண்ணுக்கு ஒட்டிப்போகணும். ஒட்டலைன்னா மேற்கொண்டு போகாதீங்க.

10 ஹெர்ட்ஸுக்குக் கீழே அளவீட்டுத் திருத்தம் கிடையாது. 4096 ஹெர்ட்ஸ் கோப்புல சுமார் 1700-க்கு மேல உள்ளதையும் நம்பாதீங்க. லைகோவின் லால்சூட் மென்பொருளை விண்டோஸ்ல ஏத்துறேன்னு ஒரு வாரத்தைத் தொலைக்க வேணாம். கூகுள் கோலாப், இல்லைன்னா டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள்ள லினக்ஸ்).

---

வைகை_வடகரை:

105-ஐ 3.03-ஆல் வகுத்துப் பாருங்கள். 34.6 வரும். வியாதி அதுதான்.

நீங்கள் எடுத்த சூத்திரத்தில் உள்ள அதிர்வெண் ஈர்ப்பு அலையின் அதிர்வெண், சுற்றுப்பாதையின் இருமடங்கு. அதை மறுபடி 2-ஆல் வகுத்திருக்கிறீர்கள். சிர்ப் நிறை அதிர்வெண்ணின் மைனஸ் 11/5 அடுக்கையும், அதன் மாறுவீதத்தின் 3/5 அடுக்கையும் பொறுத்தது. இரண்டையும் பாதியாக்கினால் விடை 2-இன் 1.6 அடுக்கு, அதாவது 3.03 மடங்கு வீங்கும். அடுத்தடுத்த பூஜ்யக் கடப்புகளுக்கு நடுவே இருப்பது அரைச் சுற்று. எனவே அதிர்வெண் = 1 ÷ (2 × இடைவெளி). அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

34.6-ஐப் பார்த்து பயப்பட வேண்டாம். கையால் கடப்பு எடுத்தால் 30-க்கும் 40-க்கும் நடுவே வருவது வழக்கம். ஆரம்பச் சுற்றுகளில் நாய்ஸ் கடப்பை நகர்த்துகிறது. கடைசிச் சுற்றுகளில் நியூட்டன் வகைச் சூத்திரமே ஒத்துவராது. இரு முனையையும் விட்டு நடுவில் உள்ள புள்ளிகளை நம்புங்கள். மாறுவீதத்தைக் கழித்தல் போட்டு எடுக்காமல், அதிர்வெண்ணின் மைனஸ் 8/3 அடுக்கை நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வரும். சிர்ப் நிறையை நொடியாக மாற்றிக்கொண்டால் (1 சூரிய நிறை = 4.925 மைக்ரோநொடி) கோட்டின் சரிவு = (256/5) × பை-இன் 8/3 அடுக்கு × நிறையின் 5/3 அடுக்கு. 30 சூரிய நிறைக்குச் சரிவு 4.5×10⁻⁴ வர வேண்டும். 35 ஹெர்ட்ஸிலிருந்து இணைவு வரை 0.17 நொடி. உங்கள் படத்தில் அந்த நேரம் 0.1 என்றோ 0.4 என்றோ இருந்தால் சூத்திரத்தைத் தொடாதீர்கள், ஃபில்டரைப் பாருங்கள்.

28-ஆ 30-ஆ என்ற குழப்பம் செம்பெயர்ச்சியால் வருவது. நம் கருவி அளப்பது (1+செம்பெயர்ச்சி) மடங்கு நிறை. இந்த நிகழ்வுக்குச் செம்பெயர்ச்சி 0.09. அங்கே 28 என்றால் இங்கே 30.5. அறிக்கையில் ஒவ்வொரு நிறைக்குப் பக்கத்திலும் "கருவிச் சட்டம்", "மூலச் சட்டம்" என்று எழுதிவிடுங்கள். பாதிச் சண்டை அதிலேயே தீரும்.

இந்த ஒரு எண்ணை வைத்தே இன்னொரு அடி போகலாம். சிர்ப் நிறை 30 என்றால் மொத்த நிறை 69-க்குக் குறைய வழியில்லை. இரண்டும் சமமாக இருக்கும்போது கிடைப்பதுதான் அந்தக் குறைந்தபட்சம். 70 என்று வையுங்கள். வீச்சு உச்சம் தொடும்போது அலை 150 ஹெர்ட்ஸ், சுற்றுப்பாதை 75 ஹெர்ட்ஸ். கெப்ளர் விதியில் போட்டால் இடைவெளி சுமார் 350 கி.மீ. மதுரையிலிருந்து சென்னைக்குள்ள தூரம்கூட இல்லை; அதற்குள் 70 சூரியன், நொடிக்கு 75 சுற்று. இரண்டின் ஷ்வார்ஸ்சைல்ட் ஆரங்களை (சுழலாத கருந்துளையின் எல்லை ஆரம்) கூட்டினாலே 207 கி.மீ. சாதாரண நட்சத்திரம் எதுவும் அங்கே நுழையாது. ஒன்று நியூட்ரான் நட்சத்திரமாக இருக்கட்டும் என்று 3 சூரிய நிறை கொடுத்தால், மற்றது கிட்டத்தட்ட ஆயிரம் சூரிய நிறைக்கு ஏறிவிடும். அவ்வளவு பெரியது 150 ஹெர்ட்ஸ் தொடுவதற்கு வெகு முன்பே மற்றதை விழுங்கி முடித்திருக்கும். இந்த வாதத்துக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கலாம். வைவாவில் நிற்கும்.

---

நாகமலை_எம்எஸ்சி:

நன்றி அண்ணே, வகுத்தலை எடுத்ததும் 35 வந்துவிட்டது. 4 நொடித் துண்டும் இடைநிலையும் போட்டதில் இரண்டு கருவியின் வரிசையும் ஒட்டுகிறது. மூன்றாவது கேள்விதான் பெரிது. டெம்ப்ளேட்டைக் கழித்த பிறகு மிச்சம் வெறும் நாய்ஸ் போலத்தான் இருக்கிறது. அது சோதனை ஆகாதா?

---

அழகர்கோயில்_ரோடு:

ஆகும், ஆனால் மிகத் தளர்வான சோதனை. லைகோ குழுவே இதைச் செய்தது. இந்த நிகழ்வின் எஸ்என்ஆர் (நாய்ஸோடு ஒப்பிட்டால் அலையின் வலிமை) 24. சிறந்த டெம்ப்ளேட்டைக் கழித்தபின் மிச்சத்தில் இருக்கக்கூடிய எஸ்என்ஆர் 7.3-க்கு மேல் இல்லை என்று 95 சதவீத உறுதியோடு காட்டினார்கள். அதன் பொருள்: பொதுச் சார்பியல் அலைவடிவத்தால் விளக்க முடியாத பகுதி 4 சதவீதத்துக்குள். நல்ல முடிவுதான். ஆனால் ஐன்ஸ்டீன் தவறாக இருந்தாலும், டெம்ப்ளேட்டின் நிறையையும் தற்சுழற்சியையும் கொஞ்சம் நகர்த்தி அந்தத் தவறை மூடி மறைக்க இடமிருக்கிறது. நீங்கள் நிறையைக் கண்டுபிடித்ததே பொதுச் சார்பியலை நம்பித்தான். கடைக்காரர் தராசு சரியா என்று பார்க்க அவரிடமே படிக்கல் கேட்கிற கதை.

ஆகவே சோதனை என்றால், கோட்பாடு தோற்பதற்கு ஒரு வாசலைத் திறந்து வைக்க வேண்டும். வாசல்கள் பல.

முதலாவது, ஒரே அலையை இரண்டாக வெட்டுவது. இந்த நிகழ்வுக்கு 132 ஹெர்ட்ஸில் வெட்டினார்கள். அதற்குக் கீழே உள்ள சுருள்பகுதியை (இரண்டும் சுற்றிச் சுற்றி நெருங்கும் கட்டம்) மட்டும் வைத்து, கடைசியில் உருவாகும் கருந்துளையின் நிறையும் சுழற்சியும் என்னவாக இருக்க வேண்டும் என்று கணிப்பது. மேலே உள்ள பகுதியை மட்டும் வைத்து அதே இரண்டையும் தனியாக மதிப்பிடுவது. இரண்டு விடையும் ஒத்துப்போனால் கோட்பாடு பிழைத்தது. இதை பில்பி என்ற பைதான் தொகுப்பை வைத்து உங்கள் அளவிலும் செய்யலாம்: ஒரே தரவு, ஒரே டெம்ப்ளேட், கீழ் எல்லையும் மேல் எல்லையும் மட்டும் மாறும். கோலாபில் மணிக்கணக்கில் ஓடும். இலவச அமர்வு நடுவில் அறுந்துபோகும், இடைநிலைக் கோப்புகள் டிரைவில் சேரட்டும். லேப்டாப்பிலேயே ஓட்டினால் செக்பாயின்ட் இடைவெளியை 600 நொடியாகக் குறைத்து வையுங்கள். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில் பேட்டரி எத்தனை மணி தாங்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டாவது, அலைக்கட்டத்தின் குணகங்களைத் தளர்த்துவது. பிந்தைய-நியூட்டன் விரிவின் (நியூட்டன் விடையோடு படிப்படியாகச் சேர்க்கும் சார்பியல் திருத்தங்கள்) ஒவ்வொரு குணகத்துக்கும் பொதுச் சார்பியல் ஒரு மதிப்பைத் தருகிறது. அதில் ஒரு விலகலை அனுமதித்து, விலகல் பூஜ்யத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பது. உங்கள் நேரத்துக்கு இது வேண்டாம். படித்து ஒரு பக்கம் எழுதினால் போதும்.

மூன்றாவதுதான் என் சிபாரிசு: கிராவிடானின் (ஈர்ப்பைச் சுமப்பதாகக் கருதும் துகள்) நிறை. காகிதத்திலேயே போடலாம். கிராவிடானுக்கு நிறை இருந்தால் தாழ்ந்த அதிர்வெண் மெதுவாக வரும், உயர்ந்தது முந்தும், சிர்ப்பின் வடிவம் நசுங்கும். தாமதம் = (பயண நேரத்தில் பாதி) × (சிறப்பு அதிர்வெண் ÷ அலை அதிர்வெண்)-இன் வர்க்கம். சிறப்பு அதிர்வெண் என்பது ஒளிவேகத்தை கிராவிடானின் காம்ப்டன் அலைநீளத்தால் வகுத்தது. அலைநீளம் 10¹³ கி.மீ. என்று வையுங்கள்: 3×10⁻⁸ ஹெர்ட்ஸ். தொலைவு 130 கோடி ஒளியாண்டு, பயண நேரம் 4.1×10¹⁶ நொடி. 35 ஹெர்ட்ஸுக்குத் தாமதம் 15 மில்லிநொடி. அந்த அதிர்வெண்ணில் ஒரு சுற்று 28.6 மில்லிநொடி, ஆக அரைச் சுற்று பிசகும். 250 ஹெர்ட்ஸுக்குப் போட்டால் 0.3 மில்லிநொடிதான். அரைச் சுற்றுப் பிசகு உங்கள் பூஜ்யக் கடப்புப் படத்திலேயே கண்ணில் படும். 2016-இல் லைகோ வெளியிட்ட வரம்பு இதே 10¹³ கி.மீ., நிறையாகச் சொன்னால் 1.2×10⁻²² எலெக்ட்ரான் வோல்ட்டுக்குக் கீழே. பிற்பாடு பல நிகழ்வுகளைச் சேர்த்து 1.27×10⁻²³ வரை இறக்கிவிட்டார்கள். உங்கள் கைக்கணக்கு லைகோவின் முழு ஆய்வு தந்த வரம்பையே தொடுகிறது என்றால் அது சின்ன விஷயமில்லை. மேற்கண்டதில் பிரபஞ்ச விரிவைச் சேர்க்கவில்லை. அறிக்கையில் அதை ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. தலைப்பில் "ஈர்ப்புக் கோட்பாடுகள்" என்று பன்மை இருக்கிறது. உடனே, ஈர்ப்போடு ஒரு ஸ்கேலார் புலத்தையும் சேர்க்கும் பிரான்ஸ்-டிக்கே கோட்பாட்டை இழுத்துவந்து "கருந்துளை இணைவால் அதை நிராகரித்தோம்" என்று எழுதிவிடாதீர்கள். அந்தக் கோட்பாட்டில் கருந்துளைக்கு ஸ்கேலார் மின்னூட்டம் கிடையாது. இரண்டு கருந்துளைகள் இணையும்போது வரும் அலை பொதுச் சார்பியல் சொல்வதுதான். அதைப் பிடிக்க நியூட்ரான் நட்சத்திரம் ஒன்றாவது வேண்டும், இல்லாவிட்டால் காசினி விண்கலத்தின் 2003 அளவீடு போல சூரியக் குடும்பத்துச் சோதனை வேண்டும். டைலட்டன் (இன்னொரு வகை ஸ்கேலார் புலம்) கலந்த காஸ்-பானே கோட்பாட்டு வகையில் நிலைமை தலைகீழ்: அங்கே கருந்துளைக்குத்தான் மின்னூட்டம். எந்தக் கோட்பாட்டை எந்த மூலத்தால் சோதிக்க முடியும் என்று ஒரு அட்டவணை போட்டாலே புராஜெக்ட்டுக்கு எடை கூடும்.

அந்த அட்டவணையில் 2017 ஆகஸ்ட் 17 கட்டாயம் இருக்க வேண்டும். 13 கோடி ஒளியாண்டு தொலைவில் நியூட்ரான் நட்சத்திர இணைவு. ஈர்ப்பு அலை முடிந்து 1.7 நொடியில் காமாக் கதிர். இரண்டின் வேக வித்தியாசம் 10¹⁵-இல் சில பங்கு. கரும் ஆற்றலை விளக்க எழுதப்பட்ட பல மாற்றுக் கோட்பாடுகள் அந்த ஒரே அளவீட்டில் காலி. கருந்துளை இணைவுகளில் ஒளி வராததால் இந்தச் சோதனை உங்கள் நிகழ்வில் நடக்காது.

---

பொட்டல்காட்டான்:

தேனி பொட்டிப்புரத்துல நியூட்ரினோவுக்கு மலையைப் பாத்தாங்கல்ல, அங்கேயே லைகோவையும் வச்சிருக்கலாமே? எதுக்கு மகாராஷ்டிரா வரைக்கும் போகணும்?

---

வைகை_வடகரை:

அண்ணே, ரெண்டுக்கும் தேவை நேர் எதிர். நியூட்ரினோ கருவிக்கு அண்டக் கதிரை வடிகட்ட எல்லாப் பக்கமும் ஒரு கிலோமீட்டர் போலப் பாறை வேணும், அதனால மலைக்குள்ள சுரங்கம். லைகோவுக்கு 4 கி.மீ. நீளமுள்ள ரெண்டு குழாய் 'ட' மாதிரி செங்குத்தா போக சமதரை வேணும், ரயில், குவாரி, கனரக வண்டி சத்தமெல்லாம் தள்ளி இருக்கணும். குழாய் நேர்கோட்டுல போகுது, பூமி வளையுது, 4 கி.மீ.க்கு ஒரு மீட்டருக்கு மேல வித்தியாசம் வரும், தளத்தை அதுக்கேத்தபடி அமைக்கணும். இந்திய லைகோவுக்கு எடுத்திருக்கும் இடம் ஹிங்கோலி மாவட்டம் அவுந்தா. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 2,600 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் கொடுத்தது.

இந்தத் திரிக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டு. அமெரிக்காவின் ரெண்டு கருவியும் கிட்டத்தட்ட ஒரே கோணத்துல படுத்திருக்கு. அதை மட்டும் வச்சு, வந்த அலை ஐன்ஸ்டீன் சொன்ன ரெண்டு வகை அதிர்வா, வேறு கோட்பாடுகள் சொல்ற மூச்சு விடுற வகையான்னு பிரிக்க முடியாது. 2017 ஆகஸ்ட் 14 நிகழ்வுல இத்தாலியின் விர்கோவும் சேர்ந்த பிறகுதான் அந்தச் சோதனையே ஆரம்பிச்சுது. வேற கோணத்துல இன்னொரு கருவி வந்தா அது இன்னும் இறுகும்.

---

தெப்பக்குளம்_தெற்கு:

ரிங்டவுன் கேள்வியை யாரும் தொடவில்லை, அதனால் இது.

முதலில் என்ன வர வேண்டும் என்று கணக்குப் போட்டு வையுங்கள். கடைசிக் கருந்துளை கருவிச் சட்டத்தில் 68 சூரிய நிறை, தற்சுழற்சி 0.67. முதன்மை அதிர்வுக்கு: 1.5251 − 1.1568 × (1 − சுழற்சி)-இன் 0.1292 அடுக்கு = 0.523. இதை 2 பை × 68 × 4.925 மைக்ரோநொடியால் வகுத்தால் 248 ஹெர்ட்ஸ். தரக்காரணி 0.7 + 1.4187 × (1 − சுழற்சி)-இன் மைனஸ் 0.499 அடுக்கு = 3.17. தணியும் நேரம் 4.06 மில்லிநொடி. சுழலாத கருந்துளையாக இருந்தால் இதே நிறைக்கு 178 ஹெர்ட்ஸ். 62 சூரிய நிறையைத் தவறுதலாகப் போட்டால் 272 வரும். மூலச் சட்டமும் கருவிச் சட்டமும் கலந்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம்.

இப்போது ஏன் ஆடுகிறது என்று பாருங்கள். 4 மில்லிநொடி என்றால் 4096 ஹெர்ட்ஸில் 16 மாதிரி. அவ்வளவுதான் உங்கள் தரவு. வீச்சின் உச்சத்திலேயே தொடங்கினால் இணைவின் குழப்பமும் சீக்கிரம் சாகும் மேல்சுரங்களும் உள்ளே வந்து அதிர்வெண்ணை இழுக்கும். 12 மில்லிநொடி கழித்துத் தொடங்கினால் வீச்சு 5 சதவீதம்தான் மிச்சம், பொருத்துவது நாய்ஸை. உச்சத்திலிருந்து 3 மில்லிநொடியை ஒட்டி, அதாவது கருந்துளை நிறையை நேரமாகக் கொண்டால் சுமார் 9 மடங்கு கழித்து, ஒரு சமரசப் புள்ளி இருக்கிறது. ஒரே எண்ணைச் சொல்லிவிட்டு நகராதீர்கள். 0, 1, 3, 5, 7 மில்லிநொடி ஐந்துக்கும் அதிர்வெண், தணியும் நேரம், பிழை எல்லை மூன்றையும் அட்டவணையாகக் கொடுங்கள். மேல்சுரம் தெரிந்ததா இல்லையா என்று இதே 2015 நிகழ்வை வைத்து 2019-க்குப் பிறகு ஆராய்ச்சியாளர்களே கட்டுரைக்குக் கட்டுரை மோதியிருக்கிறார்கள். சண்டையின் மையம் தொடக்க நேரமும் நாய்ஸ் மதிப்பீடும்தான்.

ஆட்டத்துக்கு இரண்டாவது காரணம் உங்கள் பேண்ட்பாஸ். 4 மில்லிநொடியில் சாகும் அதிர்வின் அகலம் அதிர்வெண்ணில் சுமார் 80 ஹெர்ட்ஸ். 300 ஹெர்ட்ஸில் வெட்டினால் அதன் ஒரு தோளையே வெட்டுகிறீர்கள். போதாததற்கு ஃபில்டர் தானாகவும் ஒலித்து அடங்கும். ஃபில்டரின் ஒலிப்பைக் கருந்துளையின் ஒலிப்பாக எண்ணிப் பொருத்திவிடும் ஆபத்து உண்டு. முன்னும் பின்னும் ஓட்டும் ஃபில்டர் இங்கே இன்னொரு வம்பு: உச்சத்துக்கு முந்தைய அலையைப் பின்னால் கசியவிடும். பூஜ்யக் கடப்புக்கு அது நல்லது, ரிங்டவுனுக்கு ஆகாது. இங்கே 20 ஹெர்ட்ஸ் உயர்கடப்பு மட்டும் போட்டு, வைட்டனிங் செய்யாமல், நாய்ஸின் தன்னொப்பு அணியை (வெவ்வேறு நேரத்து நாய்ஸ் ஒன்றோடொன்று எவ்வளவு தொடர்புடையது என்ற அட்டவணை) வைத்து நேரப் புலத்திலேயே பொருத்துங்கள். 0.1 நொடித் துண்டு என்றால் 410 × 410 அணி, லேப்டாப் சிரமப்படாது. அணியை 4096 நொடிக் கோப்பிலிருந்து எடுங்கள்.

பரப்பளவுத் தேற்றத்தையும் (கருந்துளைகளின் மொத்த எல்லைப் பரப்பு குறையாது என்பது) தொட ஆசை வரும். 36, 29 சூரிய நிறை, இரண்டும் சுழலாதவை என்றால் எல்லைப் பரப்புகளின் கூட்டல் 2.34 லட்சம் சதுர கி.மீ.; 62 நிறை, 0.67 சுழற்சிக்கு 3.67 லட்சம். பரப்பு கூடியது, ஹாக்கிங் சொன்னது சரி. ஆனால் இந்த 62 முழு அலைவடிவத்தைப் பொருத்தி எடுத்தது, அழகர்கோயில்_ரோடு மேடம் சொன்ன அதே படிக்கல் பிரச்சினை. முன் பரப்பு சுருள்பகுதியிலிருந்து மட்டும், பின் பரப்பு ரிங்டவுனிலிருந்து மட்டும் வர வேண்டும். தொடக்கச் சுழற்சி தெரியாவிட்டால் பூஜ்யம் என்று வையுங்கள்; சுழற்சி பரப்பைக் குறைக்கும் என்பதால் பூஜ்யம் வைப்பது தேற்றத்துக்கு எதிரான பக்கம் சாய்வது, அதாவது நேர்மையான பக்கம். 2025 ஜனவரி 14 நிகழ்வின் எஸ்என்ஆர் சுமார் 80. ஏறக்குறைய அதே நிறை, மூன்று மடங்கு தெளிவு. ரிங்டவுனை அதில் செய்யுங்கள், 2015 நிகழ்வை ஒத்திகைக்கு வையுங்கள்.

---

நாகமலை_எம்எஸ்சி:

கிராவிடான் நிறையும் ரிங்டவுனும் என்று முடிவு செய்துவிட்டோம். ஒரு சந்தேகம்: ரிங்டவுனில் 248-க்குப் பதில் 235 வந்தால், அது விலகலா நாய்ஸா என்று எப்படிச் சொல்வது? பொருத்தும் மென்பொருள் தரும் பிழை எல்லை போதுமா?

---

தெப்பக்குளம்_தெற்கு:

போதாது. அந்த எல்லை நாய்ஸ் காஸியன், நிலையானது என்று நம்பி வருவது. உண்மையான நாய்ஸில் திடீர் கிளிட்ச் (கருவியில் எழும் சத்தத் துள்ளல்) வரும். 2017 ஆகஸ்ட் 17 நிகழ்வில் இணைவுக்கு 1.1 நொடி முன்னால் லிவிங்ஸ்டனில் ஒன்று வந்தது.

4096 நொடிக் கோப்பில் நிகழ்வைத் தவிர்த்து 30 நொடிக்கு ஒன்றாக நூறு இடம் எடுங்கள். ஒவ்வொன்றிலும் 248 ஹெர்ட்ஸ், 4.06 மில்லிநொடி தணியும் அலையை, உண்மை நிகழ்வின் வீச்சோடு, மூலத் தரவிலேயே சேர்த்துவிடுங்கள். ஃபில்டருக்குப் பிறகு சேர்த்தால் ஃபில்டர் செய்யும் கோளாறு கணக்கில் வராது. பிறகு உங்கள் நிரலை ஒரு எழுத்தும் மாற்றாமல் நூறிலும் ஓட்டுங்கள். கிடைக்கும் நூறு அதிர்வெண்களின் பரவல்தான் உங்கள் உண்மையான பிழை எல்லை. 235 அதற்குள் விழுந்தால் சொல்ல ஒன்றுமில்லை. நூறின் சராசரியே 248-இலிருந்து விலகி நின்றால் கோளாறு உங்கள் முறையில். அதைச் சரிசெய்யாமல் உண்மைத் தரவைத் தொடக்கூடாது.

அடுத்த சுற்றில் 248-க்குப் பதில் 200 ஹெர்ட்ஸ் அலையைச் சேர்த்து ஓட்டுங்கள். உங்கள் முறை அதைப் பிடிக்கிறதா? பிடிக்கவில்லையென்றால், 20 சதவீத விலகலே இருந்தாலும் உங்களால் பார்த்திருக்க முடியாது. "விலகல் இல்லை" என்ற வரிக்கு மதிப்பில்லை. எத்தனை சதவீதத்திலிருந்து பிடிக்கிறது என்று ஒரு வரைபடம் போடுங்கள். எந்த இடத்தில் எந்த அலை சேர்த்தது என்பதை உங்கள் இருவரில் ஒருவர் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு, மற்றவர் பொருத்தட்டும். பொருத்தி முடித்த பிறகுதான் பட்டியலைத் திறக்க வேண்டும்.

கருவியின் அளவீட்டுப் பிழையையும் கடைசியில் சேருங்கள். 2015 நிகழ்வுக்கு முதலில் சொல்லப்பட்டது வீச்சில் 10 சதவீதம், கட்டத்தில் 10 பாகை. வீச்சுப் பிழை உங்கள் அதிர்வெண்ணை அசைக்காது. கட்டப் பிழை அதிர்வெண்ணோடு சேர்ந்து மாறினால் அசைக்கும். நூறில் பத்துக்கு அதையும் போட்டு ஓட்டிப் பாருங்கள்.